ஒற்றைப்படை வீடுகள்

ஜனவரி. அணையில் பதினொரு சதவீதம்.
நகரசபை எனக்கொரு வெள்ளைக் கார் தந்தது,
ஒரு டார்ச், மூன்று நிறத் தாள்களில் ஒரு அபராதப் புத்தகம்:
வெள்ளை வீட்டுக்காரருக்கு,
மஞ்சள் அலுவலகத்துக்கு,
ரோஸ் எதற்கென்று யாரும் சொன்னதில்லை.

ஒற்றைப்படை எண்களுக்குச் செவ்வாயும் சனியும்,
இரட்டைப்படைக்குப் புதனும் ஞாயிறும்.
காலை ஆறு முதல் ஏழு.
குழாய் கையில் இருக்கவேண்டும்,
விரலை எடுத்தால் நீர் நிற்கவேண்டும்.
இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்றிருந்தோம்.
முதல் வாரமே மூலைவீட்டுக் கணக்கு வாத்தியார்
வாசல் ஒரு தெருவில், தபால்பெட்டி மறு தெருவில்,
ஆக நான்கு நாளும் எனக்கே என்று
கடிதம் எழுதினார், வரைபடத்தோடு.

செத்த புல்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தவர்கள் உண்டு.
மேக்பை ஒன்று அதில் நடந்து
நடைபாதை நெடுகப் பச்சைக் கால்தடம்
பதித்துக்கொண்டே போனது.
குளித்த நீரை வாளியில் சுமந்து
இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.
துணி துவைத்த நுரையில் பூத்த ரோஜாக்கள்
சவுக்கார வாசம் அடித்தன.

புகார்கள் விடியுமுன் வரும்.
பெயர் சொல்லமாட்டார்கள்.
"கிம்பெல் தெருவில் மழை பெய்திருக்கிறது,
இருபத்தொன்றாம் எண்ணில் மட்டும்"
என்றது ஒரு கிசுகிசுப்பு.
அதன் பின்னால் ஒரு கிளி தொண்டை கிழிய:
நோரீன், கதவைச் சாத்து! நோரீன், கதவைச் சாத்து!
பரவாயில்லை அம்மா, பெயர் வேண்டாம் என்றேன்.

இருபத்தொன்றின் வேலியில் ஒரு பலகை:
இங்கே போர்த் தண்ணீர்.
துளைத்தெடுத்த நீர் என்றுதான்
எழுதி மாட்டியிருந்தார் ஸ்வோன்கோ.
தெரு அதை மற்ற அர்த்தத்தில் படித்துக்கொண்டது.

இரவு இரண்டு மணி.
விளக்கை அணைத்துக் காருக்குள் இருந்தேன்.
தெளிப்பானின் டிக் டிக் ஏதும் கேட்கவில்லை.
இறங்கிப் போய் மீட்டர் மூடியைத் தூக்கினேன்.
சிவப்பு முள் ஓடிக்கொண்டிருந்தது.
போரும் இல்லை, சமாதானமும் இல்லை,
ஊர்த் தண்ணீர்.

புல் எப்போதோ செத்திருந்தது.
சுவரை ஒட்டித் துளையிட்ட குழாய் ஒன்று கிடந்தது,
அதன் அருகே மட்டும் ஒரு முழம் ஈரம்.
பைஜாமாவில் வந்தார். மறுக்கவில்லை.
டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிச்
சுவரில் அடித்துக் காட்டினார்.
"களிமண். காய்ந்தால் சுருங்கும்,
சுருங்கினால் வீடு உட்காரும்.
கிறிஸ்துமஸ் அன்று இதில் ஐந்து சென்ட் நுழைந்தது."
இப்போது தன் கட்டைவிரலை நுழைத்தார்.
"புல்லுக்கு நாள் குறித்தீர்கள்.
சுவருக்கு என்ன கிழமை?"

விதிப் புத்தகத்தில் சுவர் என்ற சொல் இல்லை.
இருநூற்றிருபது டாலர் எழுதினேன்.
வாசல் விளக்கடியில் நிதானமாக வாசித்தார்,
எழுத்துப்பிழை தேடுகிறவர் மாதிரி.
"ரோஸ் தாளும் எனக்கா?"
தெரியவில்லை என்று
அதையும் கிழித்துக் கொடுத்தேன்.
மறுநாள் குழாய் இல்லை. பலகையும் இல்லை.
ஆணி மட்டும் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் இன்னொரு அழைப்பு.
இந்த முறை பெயர் சொன்னாள்,
நோரீன் டக்வெல், கிம்பெல் தெரு, எண் பத்தொன்பது.
சமையலறைச் சுவரில் ஏதோ கோடு,
முதலில் தலைமுடி என்று துடைத்தாளாம்.
நகரசபையில் இதற்கு யாரைக் கேட்பது?
பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே
ஒரு வேலி. வேலி ஒரு அடிதான் இறங்கும்,
அதற்குக் கீழே மண்ணுக்கு எண் கிடையாது.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
குறித்துக்கொள்கிறேன் என்றேன்.
பின்னால் கிளி விடாமல்
நோரீன், கதவைச் சாத்து, கதவைச் சாத்து.

"அதுதான்," என்றாள்,
"சாத்த வரமாட்டேன் என்கிறது."